ஃபிபனாச்சியின் முயல்கள் சாவதில்லை

எட்டாம் வகுப்புக் கணக்கில் ஃபிபனாச்சி எண்களை நான் வழக்கமாக ஒரே பாடவேளையில் முடித்துவிடுவேன். 1, 1, 2, 3, 5, 8, 13 என்று கரும்பலகையில் எழுதி, முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் என்று சொல்லி, சூரியகாந்திப் பூவின் படத்தைக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். சென்ற கல்வியாண்டில் அப்படிப் போக முடியவில்லை. ஒரு ஜோடி முயல் மாதம் ஒரு ஜோடி குட்டி போட்டால் ஓராண்டில் எத்தனை ஜோடி இருக்கும் என்ற பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் இருந்த மாணவன் எழுந்தான்.

"டீச்சர், எங்கம்மா இதே கணக்க ஒரு நோட்டீசுல வெச்சிருக்காங்க."

மறுநாள் அந்த நோட்டீசைக் கொண்டுவந்தான். வழவழப்பான தாளில் வெள்ளை முயல்களின் படம். ஒரு யூனிட் என்பது 7 பெண் முயல், 3 ஆண் முயல். கூண்டோடு வீட்டுக்கே வந்து தருவார்கள். பிறக்கும் குட்டிகளை அவர்களே திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரு முயலின் சினைக்காலம் 31 நாள், ஆண்டுக்கு 11 ஈற்று, ஈற்றுக்கு 8 குட்டி. 7 × 11 × 8 = 616. பெருக்கல் சரியாகத்தான் இருந்தது.

அவனுடைய அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறவர். காலையில் கம்பெனி வேனில் ஏறினால் இரவு எட்டரை மணிக்குத்தான் வீடு. பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது நானே பேச்சை எடுத்தேன். "ஒன்றரை ஷிப்ட் நின்னு நின்னு காலு வீங்கிப்போகுதுங்க டீச்சர். ஊட்லயே இருந்து பாக்கற மாதிரி ஒரு வேலை இருந்தா பரவால்லீங்களே. சீட்டுப் பணம் வருது. பத்தாததுக்குத் தோடு இருக்குது" என்றார். அதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவும் இல்லை.

ஊத்துக்குளிக்காரர்களுக்கு இந்த மாதிரி நோட்டீஸ் புதிதல்ல. பக்கத்துப் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பு என்ற பெயரில் நடந்தது 2012 ஆகஸ்டில் சரிந்து விழுந்ததை இங்கே இருக்கும் நாற்பது வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முன்பணம் கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தார்கள். பண்ணைகளில் கேட்பாரற்று நின்ற பறவைகளுக்குத் தீவனம் போடும் பொறுப்பு அரசுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் முயலை ஈமுவோடு சேர்த்து ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. ஈமு நம் ஊரில் யாரும் தின்றறியாத பறவை. முயல் வளர்ப்பு உலகம் முழுக்க ஏழைக் குடும்பங்களுக்கு உண்மையாகவே பயன்பட்ட தொழில். எங்கே பயன்பட்டது, எப்படிப் பயன்பட்டது என்று பார்த்தால்தான் அந்தத் தாயிடம் ஏதாவது சொல்ல முடியும். எங்கள் நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் இரண்டுமே என் பொறுப்பு. மூன்று வாரம் இரண்டு பாடவேளைகளையும் சேர்த்து முயலுக்கே கொடுத்தேன்.

மொசலும் முயலும்

தொடங்கிய முதல் நாளே ஒரு குழப்பம். "எங்கப்புச்சி கொறங்காட்டுல மொசல் புடிச்சுட்டு வருவாருங்க டீச்சர், அதைவே வளத்தலாமே" என்றாள் ஒரு மாணவி. தமிழில் இரண்டு விலங்குக்கும் ஒரே பெயர் இருப்பதால் வரும் சிக்கல் இது. நம் கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே பதுங்கிக் கிடக்கும் காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி உடம்பெல்லாம் முடியோடும் திறந்த கண்ணோடும் தரையில் பிறக்கும். கூண்டில் வளர்க்கும் முயலின் பூர்வீகம் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பம். அதன் குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல், வளைக்குள் பிறக்கும். காட்டு முயலுக்கு 48 குரோமோசோம்கள், வீட்டு முயலுக்கு 44. இரண்டும் இணைந்து குட்டி போடாது. காட்டு முயல் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைப் பிடிப்பதும் வேட்டையாடுவதும் குற்றம். இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிட்டது. பலர் வீட்டு அப்புச்சிகளும் நினைவுக்கு வந்திருப்பார்கள். நானும் அதை நீட்டவில்லை.

வீட்டு முயலைக் காட்டில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 1859-இல் விக்டோரியா மாநிலத்தில் ஒருவர் வேட்டை விளையாட்டுக்காக இரண்டு டஜன் முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை கண்டத்தின் மேய்ச்சல் நிலங்களையே மொட்டையடித்தன. கடைசியில் 1950-இல் மிக்சோமா என்ற வைரஸைப் பரப்பித்தான் எண்ணிக்கையைக் குறைக்க முடிந்தது. ஃபிபனாச்சியின் கணக்கு கிட்டத்தட்ட நடந்த ஒரே இடம் அதுதான் என்று மாணவர்களிடம் சொன்னேன்.

ஏழையின் முயல்

வளரும் நாடுகளில் முயல் வளர்ப்பை ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் நெடுங்காலமாகப் பேசிவந்திருக்கிறது. ஆப்பிரிக்காவில் கானா நாடு 1970-களில் இதற்கென்றே ஒரு தேசியத் திட்டம் வைத்திருந்தது. அதற்கான காரணங்கள் எளியவை. முயல் மனிதன் தின்னும் தானியத்துக்குப் போட்டி போடாமல் பெரும்பகுதி தழையிலேயே வளரும். கூண்டைப் பெண்களும் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளலாம். கறியில் ஐந்தில் ஒரு பங்கு புரதம், கொழுப்பு குறைவு. இன்னொரு காரணம் எனக்குப் புதிதாக இருந்தது. இரண்டு கிலோ முயலை அறுத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கறி வரும், ஒரு குடும்பம் ஒரே வேளையில் சாப்பிட்டு முடித்துவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஆட்டை அறுத்தால் மீதியை என்ன செய்வது என்ற கேள்வி வரும். முயலுக்கு அந்தக் கேள்வியே இல்லை. இதைக் கவனித்தால் தெரியும், இந்தத் திட்டங்களின் மையம் வீட்டுச் சட்டி. நோட்டீசின் மையம் விற்பனை.

நம் மாநிலத்திலும் இதற்கு வேர் உண்டு. ராஜஸ்தானில் உள்ள அவிகாநகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரில் இருக்கிறது. கறிக்கான வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா முயல்கள் அங்கே வளர்க்கப்படுகின்றன. நீலகிரியில் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேல்மலை, நீலகிரி என்று சொன்னதுமே ஒரு மாணவன் கேட்டான், "எல்லாமே ஏனுங்க டீச்சர் குளுரூர்லயே இருக்குது?" மூன்று வாரத்தில் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே ஆகச் சிறந்தது அதுதான்.

முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகவும் மூச்சு வழியாகவும்தான் வெளியேற்றும். 15 முதல் 25 டிகிரி செல்சியஸ் அதற்கு இதமானது. 30-ஐத் தாண்டினால் தீனி குறையும், ஆண் முயலின் விந்தின் தரம் விழும். 35-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. ஊத்துக்குளியில் ஏப்ரலிலும் மே மாதத்திலும் 35 டிகிரி என்பது சாதாரண மத்தியானம். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய விந்தணுக்கள் உருவாகி முதிர ஏழெட்டு வாரம் ஆகும் என்பதால், வெயில் தணிந்த பிறகும் ஆண் முயல் உடனே தேறுவதில்லை.

பள்ளியில் ஒரு வெப்பமானியை வைத்து அளந்து பார்த்தோம். சைக்கிள் நிறுத்தும் தகரக் கூரைக்குக் கீழும் வேப்ப மரத்தடியிலும் ஒரே நேரத்தில். ஆறு டிகிரி வித்தியாசம் வந்தது. முயல் கூண்டை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தென்னங்கீற்றுக் கூரை, சுற்றிலும் ஈரச் சாக்கு, கூண்டுக்குள் தண்ணீர் நிரப்பிய மண்கலயம் என்று பிள்ளைகளே பட்டியல் போட்டார்கள்.

உடம்பு செய்யும் வேலை

ஊத்துக்குளி என்றால் வெண்ணெய். எருமையும் மாடும் அசைபோடுவதைப் பார்க்காமல் இங்கே எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. முயலும் தழை தின்கிறதே, அதற்கு அசைபோடும் இரைப்பை இல்லையே, நார்ச்சத்தை எப்படிச் செரிக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. முயலுக்குப் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள குடல்வால் பை மிகப் பெரியது. அங்கே நுண்ணுயிரிகள் நாரைச் சிதைக்கின்றன. ஆனால் அது சிறுகுடலுக்கு அப்பால் இருப்பதால், அங்கே உண்டாகும் புரதமும் பி வைட்டமின்களும் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். அதனால் முயல் இரண்டு வகைப் புழுக்கை போடுகிறது. நாம் கூண்டுக்குக் கீழே பார்ப்பது உலர்ந்த உருண்டை. மற்றது மென்மையான, திராட்சைக் கொத்து போன்ற புழுக்கை. அதை வெளியே விழவிடாமல் முயல் வாய் வைத்தே எடுத்துத் தின்றுவிடும். வகுப்பு முழுக்க "அய்யே" என்றது. மாடு ஒரே தீனியை இரண்டு முறை மெல்கிறது, முயல் இரண்டு முறை விழுங்குகிறது என்று சொன்னதும் அய்யே குறைந்தது.

குட்டி வளர்ப்பில் பலர் தவறும் ஓர் இடத்தை எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியே சொன்னாள். அவர்கள் வீட்டில் செல்லமாக வாங்கிய முயல் குட்டி போட்டிருக்கிறது. தாய் பகலெல்லாம் குட்டிகள் பக்கமே போகவில்லை. தாய் கைவிட்டுவிட்டது என்று நினைத்து இங்க் ஃபில்லரில் பசும்பாலை விட்டிருக்கிறார்கள். நான்கு நாளில் ஆறும் செத்துப்போயின. தாய் முயல் நாளுக்கு ஒரே ஒரு முறைதான், அதுவும் நான்கைந்து நிமிடம்தான் பால் கொடுக்கும். மீதி நேரம் தள்ளியே இருக்கும். வளைக்குள் குட்டி இருப்பது எதிரிக்குத் தெரியாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. குட்டியின் வயிறு உருண்டு இருந்தால் பால் குடித்திருக்கிறது என்று பொருள். தாய் தன் வயிற்று முடியையே பிய்த்துப் பெட்டிக்குள் மெத்தை போட்டிருக்கும், அதைச் சுத்தம் செய்கிறேன் என்று எடுத்துவிடவும் கூடாது. அந்த மாணவி கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப நாங்கதான் கொன்னுட்டோமா டீச்சர்?" என்றாள். தெரியாமல் நடந்தது என்றேன். இதைப் படிக்கும் ஆசிரியர்கள் யாருடைய வகுப்பிலாவது வீட்டில் முயல் வைத்திருக்கும் பிள்ளை இருந்தால், இந்த ஒரு செய்தியை மட்டுமாவது சொல்லிவிடுங்கள்.

மற்ற நடைமுறைகள் சுருக்கமாக. இனச்சேர்க்கைக்குப் பெண் முயலைத்தான் ஆண் முயலின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், மாற்றிச் செய்தால் பெண் கடித்துவிரட்டும். பெண் முயலுக்குக் கருமுட்டை வெளியாவதே சேர்க்கைக்குப் பிறகுதான் என்பதால் நாள் பார்க்க வேண்டியதில்லை. வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழை எல்லாம் தின்னும். பனி ஈரத்தோடு போடாமல் வாடவிட்டுப் போட வேண்டும், தீனியைத் திடீரென்று மாற்றக் கூடாது. ரத்தக் கழிச்சலும் காதுச் சொறியும் அடிக்கடி வருபவை. இரண்டுக்கும் அழுக்கும் ஈரமும்தான் துணை.

முயல் முடியில் பனியன்

பனியன் ஊர்ப் பிள்ளைகள் நூலைப் பற்றிக் கேட்காமல் இருப்பார்களா? முயல் முடியில் துணி செய்யலாமா என்று கேட்டார்கள். செய்கிறார்கள். அதற்கென்று இருப்பது அங்கோரா முயல். துருக்கியின் தலைநகர் அங்காராவின் பழைய பெயர் அது. அங்கோரா வெள்ளாடு வேறு, அதன் முடிக்கு மொகேர் என்று பெயர். இந்தக் குழப்பம் கடைக்காரர்களுக்கே உண்டு. அங்கோரா முயல் முடியின் தடிமன் 11 முதல் 14 மைக்ரான்தான். இழைக்குள் காற்றறைகள் இருப்பதால் கதகதப்பு மிக அதிகம். வழுவழுப்பான இழை என்பதால் தனியாக நூற்றால் உதிரும், பெரும்பாலும் கம்பளியோடு கலந்தே நூற்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்கலாம். நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தில் குலு பள்ளத்தாக்குப் பக்கம் கார்சாவில் இதற்கான ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. குலு சால்வைகளில் இந்த முடி சேர்கிறது.

ஊத்துக்குளி வெயிலில் அங்கோரா முயல் தன் கோட்டைத் தானே போட்டுக்கொண்டு எப்படி வாழும் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். ஆனால் திருப்பூரோடு தொடர்புடைய வேறொரு செய்தி உண்டு. உலகில் அங்கோரா முடி அதிகம் உற்பத்தியாவது சீனாவில். அங்கே சில பண்ணைகளில் உயிருள்ள முயலின் முடியைக் கையால் பிடுங்கும் காட்சிகள் 2013-இல் வெளியானபோது, ஐரோப்பாவின் பெரிய ஆடை நிறுவனங்கள் பல அங்கோரா துணிகளையே நிறுத்திவிட்டன. திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு ஆர்டர் கொடுப்பவர்களும் இப்படிப்பட்ட நிறுவனங்கள்தான். பையர் வருகிறார் என்றால் கம்பெனியில் எல்லாவற்றையும் கழுவித் துடைப்பது ஏன் என்று அப்பா அம்மாவிடம் கேட்டு வரச் சொன்னேன். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

616-உம் 126-உம்

மூன்றாவது வாரம் நோட்டீசுக்குத் திரும்பினோம். பீசா நகரத்து ஃபிபனாச்சி 1202-இல் எழுதிய லைபர் அபாசி நூலில் அந்த முயல் கணக்கு வருகிறது. ஒரு ஜோடி ஓராண்டில் 377 ஜோடி ஆகும் என்பது அவர் விடை. அதே எண் வரிசையை அவருக்கு முன்பே நம் நாட்டு யாப்பு அறிஞர்கள் விரகாங்கரும் ஹேமசந்திரரும் செய்யுள் அசைகளை எண்ணும்போது கண்டிருக்கிறார்கள். அசைகள் சாவதில்லை, ஆகவே அங்கே கணக்கு பொருந்தும். ஃபிபனாச்சியின் முயல்களும் சாவதில்லை, நோய்ப்படுவதில்லை, வெயில் அறியாதவை, தீனி கேட்காதவை. எண் வரிசையைக் கற்பிக்க அப்படி வைத்துக்கொள்வதில் தவறில்லை. அதே முயல்களை நோட்டீசில் போட்டு விற்றால்தான் தவறு.

நாங்கள் செத்துப்போகிற முயல்களை வைத்துக் கணக்கிட்டோம். சினை 31 நாள், பால் குடி ஒரு மாதம், ஆக ஒரு சுற்று 61 நாள். கோடைக்கு 75 நாளைக் கழித்தால் ஆண்டில் மிஞ்சுவது 290 நாள், நான்கு ஈற்று. 7 முயலுக்கு 28 ஈற்று. ஈற்றுக்கு ஆறு என்றால் 168 குட்டி. நாலில் ஒன்று பால் மறக்கும் முன்னோ பின்னோ இறந்தால் மிச்சம் 126. நோட்டீசின் 616-இல் ஐந்தில் ஒரு பங்கு. தாய், தகப்பன் பத்துக்கும் நாளுக்கு 120 கிராம் அடர்தீவனம் என்று வைத்தால் ஆண்டுக்கு 438 கிலோ. குட்டி ஒன்று இரண்டு கிலோ ஆகும்வரை சுமார் 5 கிலோ தின்றால் 630 கிலோ. மொத்தம் ஒரு டன்னுக்கு மேல். தழை கொடுத்துப் பாதியைக் குறைக்கலாம், ஆனால் தழை அறுத்துவர ஆள் வேண்டும். நோட்டீசில் தீவனம் என்ற சொல்லே இல்லை என்பதை அப்போதுதான் ஒரு மாணவி கண்டுபிடித்தாள்.

126 முயலை யார் வாங்குவார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஊத்துக்குளியிலும் ஆர்.எஸ். பக்கமும் கறி எடுக்கப் போன பிள்ளைகள் கடைகளில் விசாரித்து வந்தார்கள். முயல் கறி வைத்திருப்பவர் யாரும் இல்லை. ஒருவர் மட்டும், முந்தின நாளே சொல்லிவைத்தால் அறுத்துத் தருவதாகச் சொன்னாராம். கறிக்கு வாங்க ஆள் இல்லாத ஊரில், குட்டிகளைத் திரும்ப வாங்குபவர் அவற்றை யாருக்கு விற்பார்? அடுத்த யூனிட் வாங்குபவருக்கு. அவருடைய குட்டிகளை? அதற்கடுத்தவருக்கு. இந்த அடுக்கைக் கரும்பலகையில் வரைந்தபோது 1, 1, 2, 3, 5 என்றே கீழே இறங்கியது. புதிதாகச் சேர ஆள் நின்றுபோகும் நாளில் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. பின்வரிசையில் யாரோ "ஈமு" என்றார்கள்.

நடுவில் ஒரு மாணவி, ஆசையாக வளர்த்துவிட்டு எப்படி அறுப்பது என்று கேட்டாள். கோயிலுக்குக் கிடாய் வளர்க்கவில்லையா என்றான் இன்னொருவன். அரை மணி நேரம் சண்டை நடந்தது. முடிவு எட்டவில்லை, எட்ட வேண்டும் என்று நானும் முயலவில்லை.

அந்தக் கணக்குத் தாளை மகனே அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான். தோடு அடகுக்குப் போகவில்லை. ஆனால் முயல் ஆசை விடவில்லை. திருப்பூரில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் விசாரித்து, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போய்வந்தார். தை மாதம் இரண்டு பெண், ஓர் ஆண் மட்டும் வாங்கினார். கம்பெனி வேலையை விடவில்லை. தீனி போடுவது பாட்டி, எழுதுவது பேரன். ஒவ்வொரு நாளும் தீவனம், எடை, இறப்பு என்று மூன்று கட்டம் போட்ட நோட்டு.

பையன் இப்போது ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டான். மாதம் ஒரு முறை நோட்டை மட்டும் கொண்டுவந்து காட்டுகிறான். மார்ச்சில் ஐந்து குட்டி. அவற்றில் இரண்டை வீட்டில் சமைத்தார்கள், இரண்டை அக்கம்பக்கத்தில் விற்றார்கள், ஒன்றைப் பாட்டி யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டார். ஏப்ரலில் இரண்டு முறை சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. பக்கத்தில் 'வெயில்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறான். கடைசியாகப் பார்த்த பக்கத்தில் இரண்டு வரிகள்தான் இருந்தன.

ஆகஸ்ட் 9: குட்டி 6.
ஆகஸ்ட் 11: குட்டி 5.